உரித்தாளர் என்ற நிரல்

11.02.2011 – ரூபா 150
10.02.2012 – ரூபா 150
08.02.2013 – ரூபா 200
07.02.2014 – ரூபா 200
06.02.2015 – ரூபா 200
12.02.2016 – ரூபா 250
10.02.2017 – ரூபா 250
09.02.2018 – ரூபா 300
08.02.2019 – ரூபா 300
07.02.2020 – ரூபா 500

இந்தப் பத்து வரிகளும் எங்கள் குறிச்சி ஞானவைரவர் கோயிலின் வளவுப் பொங்கல் புத்தகத்தில், என் கையெழுத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அருமைநாயகியின் கையொப்பம் உண்டு. அவள் கொடுத்தது எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. அதனால் அவள் இழந்தது விளாத்தியடி என்னும் வளவு, விஸ்தீரணம் நாலு பரப்பு ஆறு குழி, கால் ஏக்கருக்குச் சற்று மேல்.

சாவகச்சேரிக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் குறிச்சி. தை மாதக் கடைசி வெள்ளியில் வைரவருக்குப் பொங்குவோம். மற்ற இடங்களில் உபயம் ஆளின் பெயரில் நடக்கும். இங்கே வளவின் பெயரில் நடக்கிறது. ஒவ்வொரு வளவுக்கும் ஒரு பங்கு. ஐயர் வளவின் பெயரை வாசித்து, அந்த மண்ணுக்கு உரிய ஆளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அருச்சனை செய்வார். 1987 இல் இரண்டு சகோதரர்கள் ஒரே வளவுக்கு யார் பெயரை வாசிப்பது என்று பானைக்கு முன்னாலேயே கைகலந்தார்கள். அதற்குப் பிறகு கோயில் சபை என்னிடம் புத்தகத்தைத் தந்தது. நான் காணிப் பதிவுக் கந்தோரில் கிளாக்கராக வேலை செய்துகொண்டிருந்தேன். சிவப்பு மையால் ஐந்து நிரல் கீறினேன்: திகதி, வளவின் பெயர், உரித்தாளர், தொகை, கையளித்தவர் ஒப்பம். மூன்றாவது நிரலுக்கு அந்தத் தலைப்பை வைத்தது நான்தான். காணிச் சொந்தக்காரருக்குக் கந்தோரில் பழகிய சொல்.

அருமைநாயகி 1961 இல் வன்னியில் பிறந்தவள். கூலிக்கு வயல் செய்த குடும்பம். அவர்களுக்கு எங்கும் ஒரு குழி நிலமும் சொந்தமாக இருந்ததில்லை. புருசன் 2009 மாசியில் ஷெல் பட்டுச் செத்தான். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, 23.08.2010 திங்கட்கிழமை, பதினாலு வயது மகள் கஜானியையும் இரண்டு உரப்பைகளையும் கொண்டு இங்கே வந்தாள். யாரோ ஒரு லொறிக்காரன் சந்தியில் இறக்கிவிட்டுப் போனான். விளாத்தியடி வளவில் கூரை இல்லாத நாலு சுவர் நின்றது. கிணறு தூர்ந்து கிடந்தது. பதினொரு தென்னை, இரண்டு பலா, மூலையில் ஒரு விளாத்தி மரம்.

அந்த வளவு ஏரம்பு வாத்தியாருடையது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையோடு கொழும்புக்குப் போனவர், வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தார். மகன் கீர்த்திகன் கனடாவில். வளவைப் பார்க்க ஆள் இல்லை. அருமைநாயகி யாரையும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லை. தறப்பாளைச் சுவருக்கு மேலே இழுத்துக் கட்டினாள்.

மூன்றாம் நாள் என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். உரப்பைக்குள் ஏழு தேங்காய்.

"அண்ணை, நீங்கள்தான் கந்தோரிலை இருந்த கிளாக்கர் எண்டு சொல்லிச்சினம். இது அந்த வளவிலை விழுந்தது. ஆரிட்டைக் குடுக்கிறது?"

"வளவுக்காரர் கொழும்பிலை பிள்ளை. நீ உடைச்சுச் சமை."

"அவரைக் கேக்காமல் எப்பிடி?"

"ஏழு தேங்காய்க்குக் கொழும்புக்கு ஆளனுப்புறதே?"

அவள் சிரிக்கவில்லை. "சரி, தை வரட்டும். வைரவருக்குச் சொல்லுறன்" என்றாள். குறிச்சிப் பொங்கல் பற்றி அவளுக்கு மூன்று நாளில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவளைப் பற்றி எழுதுவதானால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். அரிசி அளக்க இரவல் வாங்கிய சுண்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டாள். ஒரு பிடி அரிசியாவது போட்டுக் கொடுப்பாள். அயல் வளவுத் தென்னையின் ஓலை தன் பக்கம் விழுந்தால் வேலிக்கு மேலால் எறிந்துவிடுவாள். எந்தப் பொருளைத் தொட்டாலும் அது யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அது பழக்கமா, பயமா என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே தன்னுடையதாக இல்லாமல் ஐம்பது வருடம் வாழ்ந்தவள்.

பிழைப்புக்குச் சாவகச்சேரிச் சந்தையில் பலாச்சுளை விற்றாள். பழத்தை மொத்தமாக வாங்கி, கையிலும் கத்தியிலும் எண்ணெய் பூசிப் பிளந்து, பத்துச் சுளை ஒரு பை என்று கட்டி வைப்பாள். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றபோது மீன்காரி மரியநாயகி அவளைச் சீண்டினாள்.

"அருமையக்கா, வளவும் உன்ரையில்லை, பழமும் உன்ரையில்லை. என்ன கெப்பர் இது?"

"கத்தி என்ரை. வெட்டக் காணும்."

"ஆரை?"

"முதல்லை உன்ரை நாக்கை."

சந்தை சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

முதல் தை வந்தது. 11.02.2011. கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நூற்றைம்பது ரூபாவை மேசையில் வைத்தாள்.

"வளவு விளாத்தியடி" என்றேன். "ஆற்றை பேரிலை?"

"வளவுக்காரற்றை பேரிலைதான். ஏரம்பு வாத்தியார். பூரட்டாதி."

"நட்சத்திரம் எப்பிடித் தெரியும்?"

"ஐயரிட்டைக் கேட்டன்."

மூன்றாவது நிரலில் 'க. ஏரம்பு' என்று எழுதினேன். அவள் ஐந்தாவது நிரலில் கையொப்பம் இட்டாள். அடுத்த ஒன்பது வருடமும் அப்படியே நடந்தது. அந்த ஒன்பது வருடத்தில் தகரக் கூரை போட்டாள். 2013 இல் கிணற்றைத் தூர் எடுத்தாள். இரண்டு ஆட்கள், இருபத்திரண்டு நாள், பத்தொன்பது அடியில் நல்ல தண்ணீர் வந்தது. கஜானி படித்து, திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பொங்கல் முடிந்ததும் வளவுகள், உரித்தாளர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு நோட்டீசாக அச்சடித்து, வெளியூரில் இருக்கும் வளவுக்காரர்களுக்குத் தபாலில் அனுப்புவது வழக்கம். உறைகளில் முகவரி எழுதி முத்திரை ஒட்டியது நான். என் தபால் கொப்பியில் ஏரம்பு வாத்தியாருக்கு அனுப்பிய பத்து நோட்டீசுகளின் திகதியும் இருக்கிறது. அவர் பதில் எழுதியதில்லை. வளவில் யார் இருக்கிறார்கள் என்று ஒருபோதும் கேட்டதுமில்லை. அது எனக்கு அப்போது புதினமாகப் படவில்லை.

அவர் 14.11.2020 அன்று வெள்ளவத்தையில் காலமானார். அடுத்த தையில் கொரோனாவால் பொங்கல் நடக்கவில்லை. 22.03.2021 அன்று முதல் கடிதம் வந்தது.

அதை எழுதியவர் உதயகலா ரீச்சர். உடுவிலில் இருப்பவர், வாத்தியாரின் தங்கை மகள். கீர்த்திகன் அவருக்கு அற்றோணி கொடுத்திருந்தான். அற்றோணி என்பது, தனக்குப் பதிலாக இன்னொருவர் நின்று கையொப்பம் இட ஒருவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரம். கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. வளவை விற்கப் போகிறார்கள். ஆறு மாதத்துக்குள் விட வேண்டும். இத்தனை வருடம் காணியைப் பேணியதற்காக, ஒழுங்கை ஓரமாகக் கிணறு உட்பட ஒரு பரப்பை அருமைநாயகி பெயருக்கு அறுதியாக எழுதித் தருவார்கள்.

நான் வாசித்து முடிக்க அவள் கேட்டாள். "கிணறும் அந்த ஒரு பரப்புக்கை வருமோ அண்ணை?"

"ஓம், வருது."

"அப்ப காணும். எனக்கும் பிள்ளைக்கும் காணும்." அது போதும் என்று அவள் எழும்பிவிட்டாள்.

"பொறு பிள்ளை" என்றேன்.

இந்த இரண்டு சொற்களையும் நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் முப்பத்தொரு வருடம் காணிக் கந்தோரில் இருந்தவன். ஒரு திகதியைக் கண்டால் இன்னொரு திகதியிலிருந்து கழித்துப் பார்ப்பவன். 23.08.2010 இலிருந்து 23.08.2020 வரை பத்து வருடம். பத்து வருடம் தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு பரப்பு இல்லை, நாலு பரப்பு ஆறு குழியும்.

"மற்றவன்ரை மண்ணெல்லோ அண்ணை. கேட்டால் எழும்பத்தானே வேணும்?"

"சட்டம் அப்பிடிச் சொல்லேல்லை. சட்டப்படி இப்ப அது உன்ரை."

அவள் திரும்ப உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையில் இருந்த பலாப்பால் கறையைப் பெருவிரலால் தேய்த்தபடி இருந்தாள்.

"கஜானிக்குச் சீதனமா எழுதலாமோ?"

"எழுதலாம்."

அந்தப் பதிலோடு அவள் முகம் மாறியது. நாலு பரப்பு ஆறு குழியையும் அவள் தன்னுடையதாக நினைத்தது அந்தக் கணத்தில்தான். அதற்கு முன் நினைத்திருந்தால் புத்தகத்தில் வேறு பெயர் இருந்திருக்கும்.

சாவகச்சேரியில் ஒரு சட்டத்தரணி மூலம் மறுப்புக் கடிதம் போனது. 'மேற்படி காணி எனது ஆட்சியால் எனக்கு உரித்தாயிற்று' என்று அதில் ஒரு வசனம் இருந்தது. அவள் கையொப்பமிட்டாள். பேனையை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்தாள்.

ஏழெட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு அது நல்ல காலம். மேற்கு எல்லையில் புது வேலி அடைத்தாள். கஜானிக்கு ஒரு சம்பந்தமும் பேசிவந்தார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வழக்குப் போடுகிறவர்கள் கடிதத்துக்குப் பதில் எழுதமாட்டார்கள் என்பது கந்தோர் அனுபவம்.

04.12.2021 சனிக்கிழமை உதயகலா ரீச்சர் நேரிலே வந்தார். நான் அப்போது அருமைநாயகியின் வளவில் சந்தை வரி ரசீது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் ஓட்டோவை நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்தபடி படலைக்கு வெளியே நின்றார்.

"உள்ளுக்கை வாங்கோ ரீச்சர்" என்றாள் அருமைநாயகி.

"வேண்டாம். நான் வந்தா அதையும் ஒரு திகதி போட்டு எழுதி வைப்பியள்."

"தேத்தண்ணியாவது குடியுங்கோ."

"ஆற்றை கிணத்துத் தண்ணியிலை?"

ரீச்சர் குடையை மறுதோளுக்கு மாற்றினார். அவருக்கும் அந்த வார்த்தை கசந்திருக்க வேண்டும், குரல் தணிந்தது.

"மாமா உங்களை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வளவிலை ஒரு குடும்பம் இருக்கெண்டு அவருக்கு எப்பவோ தெரியும். எழுப்பட்டோ எண்டு கீர்த்திகன் கேக்கேக்கை, 'என்ரை பேரிலைதானே பொங்கல் நடக்குது, இருக்கட்டும்' எண்டு சொன்னவர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அனுப்பின நோட்டீசெல்லாம் சுவாமி அறையிலை அடுக்கி வைச்சிருந்தவர் ஐயா. பத்தும் இப்ப என்னட்டைத்தான் கிடக்கு."

அவர் அதைப் பயமுறுத்தச் சொன்னாரா, பழைய நினைவில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஓட்டோ போன பின்பு அருமைநாயகி, "வாத்தியார் நல்ல மனிசன்" என்றாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கந்தோர்க் காலத்துச் சட்டப் புத்தகங்கள் ஒரு றங்குப்பெட்டியில் இருக்கின்றன. ஆட்சியுரிமை பற்றிய பிரிவை எடுத்தேன். பத்து வருடம் என்பது எனக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு வரைவிலக்கணம் இருப்பதும் தெரியும். ஆனால் முப்பது வருடமாக நான் அதை வாசிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். பதிவுக்கு அது தேவைப்படுவதில்லை. அன்றைக்கு வாசித்தேன். ஆட்சி என்றால் என்னவென்று அங்கே சொல்லியிருக்கிறது: வாடகையோ விளைபொருளோ கொடாமலும், ஊழியமோ கடமையோ செய்யாமலும், அந்த உரிமை இன்னொருவருக்கு உண்டு என்று நியாயமாகவும் இயல்பாகவும் ஊகிக்கத்தக்க வேறு எந்தச் செயலையும் புரியாமலும் வைத்திருக்கும் ஆட்சி.

வேறு எந்தச் செயலையும்.

பொங்கல் புத்தகத்தை எடுத்து அந்தப் பத்து வரிகளையும் பார்த்தேன். பத்து வருடத்தில் ஒரு வருடமாவது தப்பியிருக்கிறதா என்று பார்த்தேன். தப்பவில்லை. அவள் ஒரு தையையும் விட்டவளல்ல.

நான் ஒன்பது நாள் அவளிடம் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை என்று சொல்வதுதான் உண்மை. 13.12.2021 அன்று சொன்னேன். வழக்கு 10.12.2021 அன்றே பதியப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் முதல் ஐந்து நாளுக்குள் சொல்லியிருந்தால், அவள் உடுவிலுக்குப் போய் அந்த ஒரு பரப்பைக் கேட்டிருப்பாள். அழைப்பாணை 24.01.2022 அன்று வந்தது. அதற்குப் பிறகு சட்டத்தரணி மூலம் கேட்டுப் பார்த்தோம். கீர்த்திகனின் பதிலை ரீச்சர் தொலைபேசியில் வாசித்தார்: "அப்பாவின்ரை காணியைத் தன்ரை எண்டு எழுத்திலை சொன்ன ஆளோடை எனக்குக் கதையில்லை."

சட்டத்தரணி இளம்பெடியன், கெட்டிக்காரன். இனிமேல் வளவுப் பொங்கலுக்குக் கொடுப்பதானால் உங்கள் பெயரிலேயே கொடுங்கள் என்று அவளுக்குப் புத்தி சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். 2022, 2023, 2024 மூன்று தையிலும் விளாத்தியடிக்கு எதிரே புத்தகத்தில் வெறுமை. தன் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாத்தியார் பெயரைச் சொல்லவும் முடியாது. அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் அவள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். பேசிவந்த சம்பந்தமும் நின்றுபோனது. வழக்குக் காணியில் யார் பெண் எடுப்பார்கள்?

18.07.2023 அன்று எனக்கு அழைப்பாணை வந்தது. வழக்காளி தரப்புச் சாட்சி. 1987 தொடக்கம் உள்ள வளவுப் பொங்கல் புத்தகத்துடன் ஆஜராக வேண்டும்.

அந்தக் கிழமை ஞாயிறு பின்னேரம் கஜானி வந்தாள். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தவள் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"கிளாக்கர் மாமா, அந்தப் புத்தகம் எத்தினை வருசப் பழசு?"

"முப்பத்தாறு."

"கறையான் ஒண்டும் இல்லையோ உங்கடை வீட்டிலை?"

"இல்லைப் பிள்ளை."

"எங்கடை வளவிலை நிறையக் கிடக்கு. வேணுமெண்டா ஒரு சிரட்டையிலை கொண்டுவந்து தாறன். மாமா, அம்மா அந்தப் பானையிலை பொங்கினது அரிசியில்லை. எங்கடை வளவை. நீங்கள் பக்கத்திலை இருந்து எழுதினனீங்கள். ஒரு சொல்லுச் சொன்னீங்களோ?"

அதற்குள் அருமைநாயகி வந்து நின்றாள். மகளைத் தேடி வந்திருக்கிறாள்.

"என்ன கதை கதைக்கிறாய் நீ?"

"உள்ளதைத்தான் கதைக்கிறன்."

"கோயில் புத்தகத்தைக் கறையானுக்குப் போட்டு வளவு எடுக்கிறதோ? அந்த வளவிலை நித்திரை வருமோ உனக்கு?" என்னைப் பார்த்தாள். "அண்ணை, நீங்கள் கேட்டியள், நான் சொன்னன், எழுதினியள். எழுதினதை எழுதினபடி கொண்டுபோய்க் குடுங்கோ."

தாயும் மகளும் முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள்.

அன்றிரவே அந்தப் புத்தகத்தைக் கிணற்றில் போட்டிருப்பேனா என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். போட்டிருக்கமாட்டேன். அதைப் பெருமையாக எழுதவில்லை. முடியாது, அவ்வளவுதான்.

12.09.2023 செவ்வாய்க்கிழமை விசாரணை. முதலில் அருமைநாயகியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். அவளுடைய சட்டத்தரணி கூரை, கிணறு, வேலி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லவைத்தான். பிறகு எதிர்த்தரப்பு எழும்பியது. நடுவயதுச் சட்டத்தரணி, மெதுவாகக் கதைப்பவர். நோட்டீசுகள் பத்தையும் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். என் புத்தகத்தை விரித்து அவளிடம் கொடுத்தார்.

"இது உங்கடை கையெழுத்தா அம்மா?"

"ஓம்."

"பத்தும்?"

"ஓம்."

"இந்த வரியிலை ஆற்றை பேர் எழுதிக் கிடக்கு?"

"வளவுக்காரற்றை பேர்."

அவளுடைய சட்டத்தரணி கண்ணை மூடியதைக் கண்டேன். மணி பத்து ஐம்பத்திரண்டு. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. "நன்றி அம்மா, இறங்கலாம்" என்றார்.

அடுத்தது நான். புத்தகம் யார் எழுதியது, எப்போதிருந்து, எத்தனை நிரல் என்றெல்லாம் கேட்டார்கள். அவளுடைய சட்டத்தரணி என்னிடம், இது வெறும் கடவுள் காரியம்தானே, காணி உரித்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லைத்தானே என்று கேட்டான். நான் ஓம் என்றேன். அப்போது நீதிபதி தாமே ஒரு கேள்வி கேட்டார்.

"வளவில் குடியிருப்பவர் உரித்தாளர் பெயரைச் சொல்லாமல், தன் பெயரில் உபயம் கொடுக்க இந்தப் புத்தகத்தில் இடம் இருந்ததா?"

இடம் இல்லை என்று சொல்லியிருந்தால், அது வழக்கத்தின் கட்டாயம், அவளுடைய ஒப்புதல் அல்ல என்று ஆகியிருக்கும். சட்டத்தரணி என்னையே பார்த்தான். அருமைநாயகி தரையைப் பார்த்தாள்.

"இருந்தது" என்றேன். "நாலு வளவில் அப்படி நடந்திருக்கிறது. உரித்தாளர் நிரலில் கோடு போட்டு, குடியிருப்பவர் என்று கீழே எழுதியிருக்கிறேன். 1998, 2003, 2012, 2016."

பக்கங்களைக் கேட்டார். பக்க எண்களையும் சொன்னேன்.

வெளியே வந்தபோது அவள் நீதிமன்ற வாசல் மதிலில் உட்கார்ந்து, சந்தைக்குக் கொண்டுபோகும் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதி நாள் வியாபாரமாவது பார்க்கலாம் என்று அதைக் கொண்டுவந்திருந்தவள், காலையில் வாசலில் பொலிஸ்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறாள்.

"நாலு பேர் அப்பிடிச் செய்தவையோ அண்ணை?" என்றாள். "எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லேல்லை."

"நான் சொல்லியிருக்க வேணும்."

"சொல்லியிருந்தாலும்" என்றாள். வசனத்தை முடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

28.11.2024 அன்று தீர்ப்பு. பதினேழு பக்கம். எதிராளி ஆண்டுதோறும் வழக்காளியின் தந்தையை உரித்தாளராக ஏற்று நடந்தார் என்பது நியாயமாகவும் இயல்பாகவும் ஊகிக்கத்தக்கது. ஆகவே பத்து வருடத்தில் ஒரு நாளும் ஆட்சி என்னும் சொல்லுக்குள் அடங்காது. கூரைக்கும் கிணற்றுக்கும் நட்டஈடு அவள் தரப்பில் கேட்கப்படவில்லை. வளவு தன்னுடையது என்று சொன்னவள் தன் கிணற்றுக்குக் காசு கேட்க மாட்டாள்தானே. அப்படித்தான் நீதிமன்றத்துக்கு அவள் தரப்பு மறுமொழி எழுதப்பட்டிருந்தது.

மேன்முறையீடு செய்யலாம் என்றான் சட்டத்தரணி. அவள் வேண்டாம் என்றாள்.

"இல்லாததை இருக்கெண்டு ஒருக்காச் சொன்னது காணும் தம்பி."

"அப்ப இனி ஒரு கடிதம்தான் வரக் கிடக்கு அம்மா. நீதிமன்றத்துப் பிஸ்காலிட்டையிருந்து. அதிலை நாள் போட்டிருக்கும். அந்த நாளிலை ஆக்களோடை வந்து சாமானை வெளியிலை வைச்சு, வளவை மற்றவைக்குக் குடுப்பினம்."

"எப்ப வரும்?"

"சொல்லேலாது. மூண்டு மாதம், ஆறு மாதம்."

கஜானி திருநெல்வேலியில் எடுத்திருந்த அறை ஒரு கட்டிலும் ஒரு மேசையும் கொள்ளும். அங்கே வரச் சொன்னாள். அருமைநாயகி போகவில்லை. கடிதம் வரட்டும் என்றாள். ஒருவர் போ என்று சொல்ல முன்னம் எழும்பிப் போவது, களவெடுத்தவள் ஓடுவதுபோல இருக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள்.

07.02.2025 வெள்ளிக்கிழமை வளவுப் பொங்கல். மூன்று வருடம் வராதவள் வரிசையில் நின்றாள். தோய்ந்த தலை, வெள்ளைச் சேலை. தன் முறை வந்ததும் ஐந்நூறு ரூபாவை மேசையில் வைத்தாள். எனக்குப் பின்னால் நின்ற சபைக்காரர் எட்டிப் பார்த்தார்கள்.

"வளவு விளாத்தியடி" என்றேன். அதற்கடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். கேட்டேன். "ஆற்றை பேரிலை?"

"வளவுக்காரற்றை பேரிலைதான். கீர்த்திகன். நட்சத்திரம் தெரியாது."

மூன்றாவது நிரலில் எழுதினேன். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினேன். பேனையைக் கையில் எடுத்தவள் நிறுத்தினாள்.

"இதாலையும் ஏதும் பாதகம் வருமோ அண்ணை?"

"இனி வராது பிள்ளை."

கையொப்பம் இட்டாள். ஐயர் கீர்த்திகன் பெயரை வாசித்தபோது அவள் கும்பிட்டபடி நின்றாள்.

20.03.2025 அன்று நில அளவையாளர் வந்தார். வாங்கப் போகிறவர் வளவை மூன்றாகப் பிரிக்கப் போகிறாராம். சிவப்புத் தலை போட்ட கட்டைகளை அறைந்தார்கள். ஒரு கட்டை கிணற்றுக்கட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இன்னொன்று அவளுடைய அடுப்படிக்குள். அதை அவள் பிடுங்கவில்லை. அடுப்பை இந்தப் பக்கமாக இழுத்து வைத்துச் சமைத்தாள். பலா இரண்டிலும் வெள்ளைச் சுண்ணாம்பால் இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள்: 1, 2. விளாத்திக்கு 3.

அதற்குப் பிறகு அவள் சந்தைக்குப் போவதைக் குறைத்தாள். தபால்காரன் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும் என்று பயந்தாள். கடிதம் திரும்பிப் போனால் நாள் தெரியாமல் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு காலையும் முற்றத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, படலையைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியில் இருந்தாள். சாமான்கள் இரண்டு உரப்பைகளில் கட்டியாகிவிட்டன. விழுந்த தேங்காய்களைச் சுவரோரம் அடுக்கி வைத்தாள், ஒன்றையும் உடைக்கவில்லை. நான் ஆனி இரண்டாம் திகதி போனபோது முப்பத்தொரு தேங்காய் இருந்தது.

"இதை ஆரிட்டைக் குடுக்கிறது அண்ணை?" என்று கேட்டாள்.

ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். பால்காரன்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த திகதி: 17.06.2025, செவ்வாய்க்கிழமை.